கேமரா வேண்டாம், கல் நடு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்வம்,

கனகபுரா பக்கத்து நிலத்தில் வீடு முடிந்து, அம்மாவும் பிள்ளைகளும் குடிவந்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். தோட்டமும் பிள்ளைகளும் வளர்வதை வருஷா வருஷம் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கையிலுள்ள போனே போதும். நீ செய்யவேண்டியது வேறு.

வேலிக்கு இறக்கிய கல்கம்பத்தில் இரண்டை எடுத்து, ஒன்றை வாசலுக்கு எதிரிலும் இன்னொன்றை நிலத்தின் மேட்டு மூலையிலும் நட்டுவிடு. இரண்டடி மண்ணுக்குள், நாலரை அடி வெளியே. போனைக் கல்லின் தலையில் வைத்து எடுத்தால் இடமும் உயரமும் என்றைக்கும் மாறாது. படத்தின் நடுவில் வர, அசையாத ஒன்றைக் குறியாக வைத்துக்கொள்: கிணற்றுச் சுவர், பாறை, தூரத்து மலை முகடு. தென்னங்கன்றை நம்பாதே, வளர்ந்து மலையையே மறைத்துவிடும்.

போன் மாற்றும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புதுப் போனின் லென்ஸ் கொஞ்சம் அகலமாக இருந்தால் வீடு சின்னதாகத் தெரியும். உடனே நாலடி முன்னே போய் எடுப்பார்கள். அப்படிப் போனால் கிட்டத்திலுள்ள பம்ப் கொட்டகை பெருத்துவிடும், மலையோ அதே அளவில் நிற்கும். பழைய படத்தோடு எப்படியும் பொருந்தாது. கல்லிலிருந்தே எடுத்து, ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள். போனில் 0.5 என்று காட்டும் மிக அகல லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம், ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துவிடும்.

நாள் விஷயத்தில் நம் பஞ்சாங்கம் கைகொடுக்கும். பொங்கலும் ஆடிப்பெருக்கும் சூரியக் கணக்கில் வருவதால், அதே மணிக்கு எடுத்தால் நிழல் ஏறக்குறைய அதே இடத்தில் விழும். தீபாவளி அப்படியில்லை, அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்குக் கேழ்வரகு அறுத்த காய்ந்த நிலம், ஆடிப்பெருக்குக்குப் பச்சை. இந்த இரண்டும் போதும். ஆனால் பொங்கல் படத்தைப் பொங்கல் படத்தோடு மட்டும் ஒப்பிடு. உன் வாசல் வடக்குப் பார்த்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகல் சூரியன் வடக்கே இருக்கும், சுவரில் வெயில் படும். ஜனவரியில் அதே சுவர் நாள் முழுக்க நிழல்தான்.

ஆட்களை நிற்க வைத்து எடுக்கும் படம் வருஷத்துக்கு ஒன்று போதும், அதுவும் திண்ணைத் தூண் பக்கத்தில். பிள்ளைகளின் உயரத்துக்குத் தூணே அளவுகோல். மற்றபடி வேலை நடக்கும்போது எடு. அம்மா அவரைக்காய் உரிக்கும் கைகள், நகக்கண்ணில் ஏறிய பச்சை, பக்கத்தில் இருக்கும் முறம். இதெல்லாம் எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் யாரும் எடுப்பதில்லை. உச்சி வெயிலில் கண் குழி கருத்துவிடும்; திண்ணை நிழலில் வெளிப்பக்கம் பார்த்து உட்காரச் சொல். வெள்ளை வேட்டி வெளுத்துப்போனால், திரையில் வேட்டியைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் கூட வராது. டாக்குமென்டாக அனுப்பு. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை இங்கே என்னிடம் கொடு. நல்லவற்றை 4×6 அளவில் பிரிண்ட் போடு. 1800×1200 பிக்சல் இருந்தால் தாராளம். பின்பக்க வழவழப்பில் பென்சில் நிற்காது. மெல்லிய முனை மார்க்கரில் பெயர், தேதி, எந்தக் கல் என்று எழுதி, காய்ந்த பிறகு அடுக்கு. பசை தடவிய அட்டை ஆல்பம் மட்டும் வேண்டாம். பசை மஞ்சளாகி, படத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பழைய மாட்டுக்கொட்டகையை அடுத்த மாதம் பிரிப்பதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் கல்லை நட்டு, இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துவிடு. உள்ளே போய்த் தொட்டி, முளைக்குச்சி, கூரை கட்டிய முடிச்சு ஒவ்வொன்றையும் கிட்டத்தில் எடு. எடுத்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரகு