பறிமுதல் வேறு, ஜப்தி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமலாக்கத் துறை நடவடிக்கை பற்றிய செய்திகளுக்குத் தங்கள் நாளிதழ் ‘சொத்துகள் பறிமுதல்’ என்றே தலைப்பிடுகிறது. உள்ளே படித்தால், பெரும்பாலும் அது முடக்கம்தான். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் போடப்படும் தற்காலிக முடக்கத்துக்கு ஆயுள் 180 நாள். அதற்குள் தீர்ப்பாணையம் உறுதிசெய்யாவிட்டால் உத்தரவு காலாவதியாகிவிடும். அதுவரை முடக்கப்பட்ட வீட்டில் குடியிருக்கத் தடையில்லை. விற்கவோ மாற்றி எழுதவோதான் முடியாது. வழக்கு முடிந்து, குற்றம் உறுதியாகி, சொத்து அரசைச் சேரும் என்று சிறப்பு நீதிமன்றம் சொல்வதே பறிமுதல். முடக்கிய அன்றே அப்படி எழுதினால், விசாரணை தொடங்கும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

வழக்கில் சிக்கிய பைக்கைப் போலீசார் கொண்டுபோவதும் பறிமுதல் அல்ல, கைப்பற்றுதல். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆவது பிரிவு அதற்கானது. 497ஆவது பிரிவில் மனுப் போட்டு, வண்டியை இடைக்காலமாகத் திருப்பித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். ‘பறிமுதல்’ என்று படித்தவர், ‘எல்லாம் போய்விட்டது’ என்று மனுவே போடுவதில்லை. வண்டி காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்கிறது.

ஜப்தி உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தின் சொல். அரபியில் பிறந்து, பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. தீர்ப்பான தொகையைக் கட்டாதவரின் சொத்தை, அதை வசூலிப்பதற்காகப் பிடித்துவைப்பதே ஜப்தி. விபத்து இழப்பீடு கட்டாததால், நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா அரசுப் பேருந்தை ஓட்டிவந்து கோர்ட் வளாகத்தில் நிறுத்துவது இதுதான். பணம் கட்டினால் பேருந்து திரும்பிவிடும். நிலமாக இருந்தால் யாரும் தூக்கிப்போவதில்லை: தண்டோரா போட்டு, உத்தரவின் நகலை நிலத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்டுவார்கள்.

ஜப்தி என்றால் வீட்டில் ஒரு குண்டான்கூட மிஞ்சாது என்ற பயம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு அப்படி விடவில்லை. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய மாடு, ஏர், விதைநெல் ஆகியவற்றில் அமீனா கை வைக்க முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் அந்தப் பிரிவு காக்கிறது. தாலி அதில் அடங்கும். ஜப்திச் செய்தியோடு இந்த விலக்குகளையும் நாலு வரியில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார்,
கும்பகோணம்.