கேன்டீன் வாசலில் ஆரம்பித்த பேச்சு

அன்புள்ள சண்முகம்,

நலம். உன் முழங்கால் தேவலையா? சென்னையில் வெயில் பரங்கிமலையையே உருக்கிவிடும் போலிருக்கிறது.

டெக்சாஸிலிருந்து வந்திருக்கும் மருமகன் ராணுவ கேன்டீன் வாசலில் ஒரு கதை சொன்னார். அவர் பக்கத்து வீட்டுக்காரர் ஈராக்கில் இருந்த அமெரிக்கச் சிப்பாய். ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் பிடித்து வைத்தார்களாம். 'ஸ்டாப் லாஸ்' என்று பெயர். போர்க்காலத்தில் ஆளை நிறுத்தி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூலி பேசிய விதம்தான் உறுத்துகிறது. 2001 செப்டம்பர் 11 முதல் 2009 செப்டம்பர் 30 வரை அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர்களுக்கு மாதம் 500 டாலர் தரலாம் என்று 2009இல்தான் சட்டம் போட்டார்கள். அதுவும் அவனவன் மனுப் போட்டால்தான். பலர் போடவே இல்லை. 2010 அக்டோபர் என்று வைத்த கெடு நீண்டுகொண்டே போனது. யாரை எத்தனை மாதம் வைத்திருந்தோம் என்ற கணக்கு ராணுவத்திடம் இல்லாமலா இருக்கும்?

இன்னொன்று. அந்தச் சமயத்தில் தானாகவே மறு ஒப்பந்தம் போட்டு போனஸ் வாங்கியவனுக்கு இந்த 500 கிடையாது. 'ஏற்கெனவே வாங்கிவிட்டாயே' என்கிறார்கள். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் போகவிடாமல் கதவைப் பூட்டிவிட்டு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

பணமாவது எட்டு வருஷம் கழித்தும் வரும். லீவு வராதே. ஆபரேஷன் பராக்ரம் என்று பாகிஸ்தான் எல்லைக்குப் படையை நகர்த்திய சமயம், 2001 டிசம்பரிலிருந்து பத்து மாதம் ராஜஸ்தான் மணலில் நின்றோமே, உன் தங்கை கல்யாணத்துக்கு நீ போகவில்லை. எடுக்காத அந்த லீவு நாட்கள் சேமிப்பு லீவுக் கணக்கில் ஏறி, பென்ஷனில் வரும்போது காசாயிற்று. அதிலும் 300 நாள்தான் உச்சவரம்பு. காசு வந்ததும் உன் அம்மா என்ன சொன்னாள் என்பது உனக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

உன் பேரன் அக்னிவீருக்கு, அதுதான் அந்த நான்கு வருஷ ராணுவ வேலைக்கு, படிக்கிறான் என்றாயே. நமக்கு வருஷ லீவு 60 நாள், கேஷுவல் 30 நாள்; அவனுக்கு வருஷ லீவே 30 நாள்தான். நான்கு வருஷம் முடியும்போது சண்டை நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வார்கள் என்று தேர்வு முகாமிலேயே கேட்கச் சொல். கம்மவான்பேட்டைப் பையன்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள், நம்மைப் போலவே.

அடுத்த மாதம் பென்ஷன் வேலையாக வந்தால் இங்கேயே தங்கு.

அன்புடன்,
வேலு