கோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை: வேலையாட்கள் பாதுகாப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோபுர வேலை முடிந்து சாரமும் பிரித்தாகிவிட்டது. சுதை வேலை, வண்ணம், வரவு செலவு ஆகியவை தனி இணைப்புகளில் உள்ளன. இந்தப் பகுதி, மேலே ஏறி வேலை செய்தவர்களின் பாதுகாப்பைப் பற்றியது. "இதற்கு எதற்கு இத்தனை தாள்?" என்று பலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஸ்பெயின் நாட்டின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட என்.டி.பி. 330 என்ற குறிப்பிலுள்ள, ஆபத்துகளை எண் போட்டு மதிப்பிடும் எளிய முறையை எடுத்துக்கொண்டோம். மேஸ்திரியும் குழுவில் ஒருவரும் இடத்தைச் சுற்றிப் பார்த்தே இந்த மதிப்பீட்டுத் தாளைப் போட்டுவிடலாம். ஏற்பாட்டில் குறை எவ்வளவு (2, 6, 10), ஆள் அந்த ஆபத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் (1 முதல் 4), விபத்து நடந்தால் விளைவு என்ன (10, 25, 60, 100) என்று மூன்றே கேள்விகள். மூன்று எண்களையும் பெருக்க வேண்டும். 600-ம் அதற்கு மேலும் வந்தால் முதல் நிலை, உடனே சரிசெய்தாக வேண்டும். 150 முதல் 500 வரை இரண்டாம் நிலை. சரிசெய்து, கட்டுப்பாடும் வைக்க வேண்டும். 40 முதல் 120 வரை என்றால் முடிந்தவரை மேம்படுத்தலாம். 20 என்றால் விட்டுவிடலாம். எதை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்தத்தான் இந்த எண்கள். அதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது.

சாரத்து ஏணியை எடுத்துக்கொள்வோம். தலைப்பகுதி கட்டப்படவில்லை, தட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை: குறை 10. கலவைச் சட்டியோடு சித்தாட்கள் ஒரு ஷிப்டில் பலமுறை ஏறி இறங்கினார்கள்: 3. விழுந்தால் உயிர் போகும்: 100. ஆக 3000. வேலையை நிறுத்தினோம். ஏணியை இறுகக் கட்டி, தட்டுக்கு மேல் ஏறக்குறைய 1 மீட்டர் நீட்டி, ஓரங்களில் தடுப்புக் கம்பியும் வைத்த பிறகு குறை 2 ஆனது. சரி, முடிந்தது என்று பார்த்தால் 2 × 3 × 100 = 600. இன்னமும் முதல் நிலைதான்! அப்புறம் கலவையையும் தண்ணீரையும் கப்பி வைத்து மேலே ஏற்றினோம். ஆட்கள் ஷிப்டில் ஓரிரு முறை ஏறினால் போதும் என்றானது. அதற்கு 2 போட, எண் 2 × 2 × 100 = 400-க்கு, அதாவது இரண்டாம் நிலைக்கு இறங்கியது. கட்டுப்பாட்டுக்கு, தினமும் காலையில் மேஸ்திரி கட்டுகளை இழுத்துப் பார்த்துக் கையெழுத்திடுவது என்று வைத்தோம்.

"பெல்ட் போட்டால் விளைவை 25 என்று குறைத்துப் போடலாமே" என்ற யோசனை குழுவில் வந்தது. ஏற்கவில்லை. உடல் முழுதும் மாட்டும் நல்ல பெல்ட்தான் வாங்கினோம். ஆனால் கொக்கியை மாட்டாத அந்த ஒரு நிமிடத்தில் உயரம் குறைந்துவிடுவதில்லை. விளைவு 100 என்றே கடைசிவரை இருந்தது.

மேலிருந்து செங்கல் துண்டு விழும் ஆபத்துக்குக் கணக்கே போடவில்லை. கீழ்ப் பாதையை அடைத்து, சுற்றுவழி விட்டோம். சில உறுப்பினர்களுக்கு அது சிரமமாக இருந்தது, தெரியும்.

கல் அறுக்கும் தூசு வேறு விஷயம். இந்த முறை விபத்துகளுக்கானது. கல்லிலிருந்து வரும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இதில் அடக்கினால் எண் ஏமாற்றும். அதனால் தண்ணீர் விட்டு அறுப்பதை முதல் கல்லிலிருந்தே கட்டாயமாக்கினோம், முகக்கவசத்தை அதற்கு மேல்தான் சேர்த்தோம். மின் இணைப்புகளுக்கு, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போட்டிருந்தோம்.

பெல்ட் கொக்கி மாட்டும் வளையங்களைக் கோபுரத்தில் அப்படியே விட்டிருக்கிறோம். விளக்கு மாற்றவோ, முளைத்த செடியைப் பிடுங்கவோ இனி யார் ஏறினாலும் பழைய தாளை நம்ப வேண்டாம். அதிலுள்ள எண்கள் சாரம் இருந்தபோது போட்டவை. புதிய தாள் போட்டுக் காட்டிய பிறகே படிக்கதவின் சாவியைத் தரும்படி அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு