கேஸ் கீசர் சர்வீஸ்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரத்திலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். "கேஸ் கீசருக்கு ரெண்டு பேட்டரி போட்டுட்டு 850 ரூபாய் வாங்கிட்டுப் போய்ட்டாங்க." கடைப் பெயர் அதில் இல்லை. ஆனால் குன்னூரில் கீசர் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டார்கள். நாங்கள்தான்.

பேட்டரி போட்டது உண்மை, பணம் வாங்கியதும் உண்மை. நடுவில் என்ன வேலை நடந்தது என்பதுதான் அந்தச் செய்தியில் விட்டுப்போயிருக்கிறது.

கீசர் பற்றவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். குழாயைத் திறந்ததும் தீப்பொறி விழும் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்றுதான் எப்போதும் முதலில் பார்ப்போம். அங்கே வரவில்லை. அப்படியென்றால் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், இல்லையா தண்ணீர் அழுத்தத்தில் நகரும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அந்த டயாஃப்ரம் நகர்ந்ததும் தீப்பொறியைத் தொடங்கிவைக்கும் மைக்ரோ சுவிட்ச் போயிருக்க வேண்டும். திறந்தால் பழைய பேட்டரி கசிந்து, தகடு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுசு போட்டோம். பற்றிக்கொண்டது.

அத்தோடு கிளம்பியிருந்தால் பேட்டரிக் காசோடு போயிருக்கும். ஆனால் தீ மஞ்சளாக எரிந்தது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக நெளிந்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை. கழற்றிப் பார்த்தால் காற்று இழுக்கும் குழல்களுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது (நம் பக்கம் இது சர்வசாதாரணம்), மேலே செப்புத் தகடுகளுக்கு நடுவில் கரி அப்பிக் கிடந்தது. பர்னரை ஊதி, கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டைத் துடைத்து, கரியை பிரஷ் போட்டு எடுத்து, திரும்ப மாட்டி, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தை. இனிமேல் செய்த வேலை ஒவ்வொன்றையும் பில்லில் எழுதித் தருவோம்.

மஞ்சள் தீக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். சிலிண்டர் கேஸுக்கு நாற்றம் சேர்த்துத்தான் தருகிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இந்த விஷவாயுவுக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் தலை சுற்றி உள்ளேயே விழுந்துவிடுவார். போதாததற்கு, நாம் இருக்கிற உயரத்தில் காற்றே மெலிசு. குன்னூரில் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் குறைவு, ஊட்டியில் கிட்டத்தட்ட கால் பங்கு. கோயம்புத்தூரில் ஒழுங்காக எரிந்த கீசர் இங்கே வந்து கரி பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த வீட்டில் கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தது. குளிருக்காக வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சுவரில்தான் மாட்டித் தருவோம், உள்ளே மாட்ட மாட்டோம் என்று சொன்னோம். "இத்தனை வருஷம் உள்ளதான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்றார்கள். பேச்சு அங்கேதான் தடித்தது என்பது என் எண்ணம். இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு பழைய வாடிக்கையாளராக இருந்தாலும் எங்கள் பதில் மாறாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்களைக் கூப்பிடாமலே தீர்கிற விஷயங்களும் உண்டு. இருபது நிமிடத்தில் தானாக அணைந்தால் பல மாடல்களில் அது ரிப்பேர் இல்லை, பாதுகாப்புக்காக வைத்த டைமர். மூடித் திறந்தால் எரியும். புது சிலிண்டர் மாட்டியவுடன் பற்றாவிட்டால் டியூபில் காற்று நிற்கிறது, இரண்டு மூன்று தடவை குழாயைத் திறந்து மூடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வரும் வழியிலுள்ள சல்லடையில் மண் அடைக்கும், கழற்றிக் கழுவினால் போதும். மாடி வீட்டில் தொட்டி கீசருக்கு மேலே எட்டு பத்தடியாவது இல்லையென்றால் தண்ணீர் அழுத்தம் போதாது, எந்தக் கம்பெனி கீசரும் தகராறுதான். பற்றிய கொஞ்ச நேரத்தில் அணைந்தால் மட்டும் கூப்பிடுங்கள், பெரும்பாலும் தீ எரிகிறதா என்று பார்க்கும் சென்சார் கம்பியில் கரி இருக்கும்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் "காலையில் தீ ஏறவே மாட்டேங்குது" என்று போன் வரும். வெளியே வைத்த சிலிண்டர், அதுவும் தீரப்போகிறது என்றால், குளிரில் கேஸ் சரியாக ஆவியாகாது. கீசரோ அடுப்பு பர்னரைப்போல ஐந்தாறு மடங்கு கேஸ் கேட்கும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கப் போடாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். ஆரஞ்சு கேஸ் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906-க்குப் பேசுங்கள். நாங்கள் அப்புறம் வருகிறோம்.

எங்களிடம் ரொம்ப நாளாக வேலை பார்த்த மூத்த பையன் கோயம்புத்தூரில் ஏசி வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், நாங்களே வாழ்த்தித்தான் அனுப்பினோம். புதுப் பையன் கைபழகும் வரை ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகலாம். செப்பு, பித்தளைச் சாமான் விலையும் ஏறிவிட்டதால் வந்து பார்க்கும் கட்டணம் இனி 400 ரூபாய், ஞாயிறு விடுமுறை.

செய்தி வந்த அன்றே குழுவில் எங்களுக்காகப் பேசிய வெலிங்டன், அருவங்காடு வாடிக்கையாளர்களுக்கும், "பில்லைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போன அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் சீசனுக்கு முன்பே, மார்ச்சிலேயே சொல்லிவிட்டால் ஏப்ரல் கூட்டத்தில் சிக்காமல் முடித்துவிடலாம். போன் செய்யும்போது கீசர் உள்ளே இருக்கிறதா வெளியேவா, சத்தம் வருகிறதா, தீ என்ன நிறம் என்று இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். தேவையான சாமானை முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டு வருவோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
குன்னூர்