யானைக்கால் மாத்திரை சரி, சாக்கடையை யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகையில யானைக்கால் பத்தி முழுப்பக்கக் கட்டுரை வந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஆனா படிச்சு முடிச்சா, 2000ல உலக சுகாதார நிறுவனம் ஒரு திட்டம் போட்டுச்சு, மாத்திரை வந்துச்சு, நாம முழுங்கினோம், நோய் கொறஞ்சிடுச்சு, அவ்ளோதான் கதைங்கற மாதிரி தோணுது. இது நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் கொஞ்சம் அநியாயம் சார். வருஷத்துக்கு ஒருதடவ எல்லாருக்கும் ஒரே வேளை டி.இ.சி.ங்கற யானைக்கால் மாத்திரைய குடுக்குற வேலை, அந்த உலகத் திட்டம் வர்றதுக்கு முன்னாடியே 1996ல கடலூர் மாவட்டத்துல ஆரம்பிச்சாச்சு. அதுக்கும் முன்னாடி பாண்டியில நடந்தத உங்க கட்டுரை ஒரு வரி கூட சொல்லல, எனக்கு அதுதான் பெரிய கொறை.

ஜிப்மர் பக்கத்துல இருக்கற வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், அதாவது நோய் பரப்புற கொசு மாதிரி பூச்சிங்கள அடக்க ஆராய்ச்சி பண்ற எடம், 1975ல ஆரம்பிச்சது. அவங்க 1981லேர்ந்து 85 வரைக்கும் பாண்டி டவுன்ல யானைக்கால் கொசுவ ஒழிக்கறதுக்குன்னே ஒரு திட்டம் நடத்துனாங்க. வெறும் மருந்து அடிக்கற வேலை இல்ல. சாக்கடை தூர் வாருறது, தேங்குற பள்ளத்த மூடுறது, சின்னச் சின்ன வாய்க்கா வேலை, பாசி ஆகாயத்தாமரை எடுக்கறது, கொசுப்புழு திங்கற மீன் விடுறது, மீதி எடத்துக்குத்தான் மருந்து. கொசு நல்லா கொறஞ்சுச்சு, நோய் பரவறதும் கொறஞ்சுச்சு. திட்டம் முடிஞ்சு கைய எடுத்தாங்க, கொசு பழையபடி ஏறிடுச்சு. இத யாரும் பொரளியா சொல்லல, அந்த சென்டர் ஆளுங்களே 1992ல ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதி வெளியிட்டாங்க. தன் திட்டம் நின்னப்புறம் என்ன ஆச்சுன்னு தானே போயி அளந்து பாத்து எழுதுறதுக்கு ஒரு நேர்மை வேணும்ல, இப்ப எத்தனை திட்டத்துல அத பாக்க முடியுது?

எங்கப்பா ஃபைலேரியா யூனிட்ல, அதாவது யானைக்கால் தடுப்பு வேலை பாக்குற எடத்துல, ஃபீல்டு ஒர்க்கரா இருந்தவரு, அதனால இந்த வேலை எப்புடி நடக்கும்னு எனக்கு கொஞ்சம் தெரியும். யானைக்கால் வர்றது கொசு பரப்புற ஒரு புழுவாலதான். அந்தப் புழுவோட குஞ்சு பகல்ல நுரையீரல் பக்கம் பதுங்கிக்கும், ராத்திரிதான் வெளி ரத்தத்துக்கு வரும், நம்ம ஊரு கொசுவும் ராத்திரிதான் கடிக்கும், அதனால ரத்தமும் ராத்திரிதான் எடுக்கணும். சாப்புட்டுப் படுத்த வீட்டுக் கதவ தட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல விரல் நுனியக் குத்தி, கண்ணாடி சிலைடுல ரத்தத்த தேச்சுக் காய வெச்சு, அதுல பேரு வீட்டு நம்பர் எல்லாம் எழுதணும். பாதி வீட்டுல திட்டுவாங்க. ரத்தத்த எடுத்து விக்கிறாங்கன்னு ஒரு பேச்சு வேற. விடியக்காலைல இன்னொரு கூத்து, ஒரு கண்ணாடிக் குழாய்ல ரப்பர் டியூப் மாட்டி வாயால உறிஞ்சி, சுவத்துல கட்டில் அடியில ஒக்காந்திருக்கற கொசுவ ஒண்ணொண்ணா உள்ள இழுப்பாரு, டார்ச்ச அக்குள்ல இடுக்கிக்கிட்டு. அந்தக் கொசுவ லேப்ல ஊசி முனையில அறுத்து உள்ள புழு இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. நீங்க போடுற சதவீதக் கணக்கெல்லாம் அந்த மாதிரி ஆளுங்க கண்ணு முழிச்சு சேத்ததுதான்.

சரி கொசு ஏன் முக்கியம்னு கேப்பீங்க. மலேரியாக் கிருமி மாதிரி இந்தப் புழு கொசு வயித்துல பெருகாது. எத்தனை குஞ்ச உறிஞ்சுச்சோ அதுலயும் கொஞ்சம்தான் வளர்ந்து நிக்கும். 1960கள்ல ரங்கூன்ல ஒரு கணக்கு போட்டாங்க, ஒருத்தர் ரத்தத்துல புழுக்குஞ்சு தெரியறதுக்கு சராசரியா 15,500 தொற்றுக் கடி வாங்கணுமாம், அதாவது சும்மா கொசுக்கடி இல்ல, புழு இருக்கற கொசுவோட கடி. வருஷக்கணக்கா கடிபட்டாத்தான் இந்த வியாதி, அப்ப கடியக் கொறைச்சாலே பாதி வேலை முடிஞ்சிடுது இல்லையா.

இதுக்கு நிரூபணம் தேடி வெளிநாடு போக வேணாம், திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்கள்லயே இருக்கு, பழைய தென்னாற்காடுதானே அது. மதுரையில இருந்த ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட மருத்துவப் பூச்சியியல் மையம் 1995லேர்ந்து அங்க வேலை பாத்துச்சு. சில ஊருல டி.இ.சி.யும் ஐவர்மெக்டின்ங்கற இன்னொரு புழு மருந்தும் மட்டும் குடுத்தாங்க. இன்னும் சில ஊருல அதோட கொசு வேலையும் சேத்துக்கிட்டாங்க, வீட்டுக் கழிவுத்தண்ணி எறங்குற குழியில தெர்மாகோல் குருணைய கொட்டுறது, கெணத்துல மீன் விடுறது. குருணை தண்ணி மேல கம்பளி மாதிரி மூடிக்கும், கொசு முட்ட போட எடம் கெடைக்காது, உள்ள இருக்கற கொசுப்புழுவும் மூச்சு முட்டிச் செத்துடும், விஷம் கெடையாது. மாத்திரைய நிறுத்தினப்புறம் பாத்தா, கொசுவ அடக்கின ஊருலதான் நோய் அடங்கியே இருந்துச்சு, மாத்திரை மட்டும் குடுத்த ஊருல திரும்பத் தலைகாட்ட ஆரம்பிச்சிடுச்சு. இவ்ளோ தெளிவா பக்கத்து ஊருலயே தெரிஞ்ச விஷயம், ஆனா நம்ம அதிகாரிங்க பேட்டியில மாத்திரையத் தவிர வேற பேச்சே காணோம்.

மாத்திரைய நான் கொறை சொல்லல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா எவனாவது இந்த லெட்டர காட்டி மாத்திரை வேணாம்னு வாட்ஸப்ல போட்டுடுவான். டி.இ.சி. முக்கியமா ரத்தத்துல இருக்கற குஞ்சத்தான் கொல்லும், நிணநீர்க் குழாய்ல இருக்கற பெரிய புழு பல வருஷம் உசுரோட இருந்து குஞ்சு போட்டுக்கிட்டே இருக்கும், அதனாலதான் வருஷா வருஷம் விடாம குடுக்கணும். முழுங்கின அன்னைக்கு காய்ச்சல் தலைவலி வந்தா பெரும்பாலும் உள்ள குஞ்சு சாகறதால வர்றதுதான், ரெண்டு வயசுக்குள்ள கொழந்தைங்க, கர்ப்பிணிங்க, ரொம்ப நோயாளிங்களத் தவிர மத்தவங்க முழுங்கணும். நர்ஸம்மா கண்ணு முன்னாடி முழுங்குங்க, வாங்கி அலமாரில வெக்காதீங்க.

இன்னொண்ணு, ஏற்கெனவே கால் வீங்கினவங்க. இவங்களப் பத்தி உங்க கட்டுரையில படம் மட்டும் இருக்கு, ஒரு வார்த்தை இல்ல. எங்க அத்தைக்கு மாசத்துக்கு ஒருதடவ நெறி கட்டி குளிர் காய்ச்சல் வரும், காட்டின எடத்துல "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. ஆனா 1990கள்லயே ஆலப்புழை மெடிக்கல் காலேஜ்ல நோயாளிங்கள வெச்சே சோதிச்சுப் பாத்துட்டாங்க, தெனமும் சோப்புப் போட்டு காலக் கழுவி, விரல் இடுக்குல ஈரம் இல்லாம தொடச்சு, வெடிப்புக்கு மருந்து தடவி வந்தாலே இந்தக் காய்ச்சல் நல்லா கொறையுதுன்னு. அது புழுவால வர்ற காய்ச்சல் இல்ல, பெரும்பாலும் வெடிப்பு வழியா பாக்டீரியா உள்ள போறதால. அத்தைக்கு இத ரொம்ப நாள் கழிச்சு ஒரு நர்ஸம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் காய்ச்சல் எப்பவாவதுதான். வீக்கம் போகல. ஆனா வேலைக்குப் போனாங்க, கல்யாணம் காட்சிக்குப் போனாங்க.

அடுத்ததடவ இதப்பத்தி எழுதினா ரெண்டு விஷயம் சேத்துக்குங்க சார். காலக் கழுவுற முறைய படம் போட்டு கால்வாசிப் பக்கமாவது போடுங்க, வெட்டி செவுத்துல ஒட்டிக்கறதுக்கு. அப்புறம் கடலூர் மாநகராட்சியிலயும் புதுச்சேரி நகராட்சியிலயும் எந்த வார்டு சாக்கடைய எந்த மாசம் தூர் வாருறாங்கன்னு கேட்டு வாங்கி அந்த லிஸ்ட அப்படியே போடுங்க. முதுநகர் பக்கம் எங்க தெருவையும் விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கடலூர் முதுநகர்