ஒரே ஓ.பி. சீட்டில் எழுது

அன்பு நண்பா,

வேலூர்ப் பக்கம் முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடியை நிறுத்திவிட்டு வா என்கிறது மனநலப் பிரிவு. மனச்சோர்வைச் சரிசெய்துகொண்டு வா என்கிறது போதை மீட்பு மையம். இரண்டு வாசலுக்கும் நடையாய் நடப்பவர் மூன்றாம் முறை வரமாட்டார். இரண்டையும் ஒரே சீட்டில், நீயே எழுது.

முதல் வாரம் உயிரைக் காப்பதற்கு. கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று கேள். 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாள் வரை பிதற்றல், இல்லாத உருவங்கள் தெரிவது. முன்பு வலிப்போ பிதற்றலோ கண்டவரை வீட்டில் வைத்துப் பார்க்காதே, அட்மிட் செய். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கக் குளோர்டயஸிபாக்சைடு மாத்திரை போதும், ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். 5 முதல் 7 நாளில் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடு. அட்டை அட்டையாய்க் கொடுத்தனுப்பினால் அந்த மாத்திரையே அடுத்த போதையாகிவிடும்.

தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, ஊசியாகப் போடு, நாள்பட்ட குடிகாரர் குடலில் மாத்திரை சரியாக ஏறாது. 250 மி.கி. வீதம் 3 முதல் 5 நாள். கண் ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சில் குழப்பம் என்றால் 500 மி.கி. மூன்று வேளையும் நரம்பு வழியாக. தயமின் இல்லாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. மூளையில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினையும் அது தீர்த்துவிடும். சர்க்கரை இறங்கிக் கிடந்தால் மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்காதே, இரண்டையும் சேர்த்தே கொடு.

இனி மனச்சோர்வு. அமெரிக்காவில் சான் டியாகோ நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் குடிக்காகச் சேர்ந்த ஆண்களை அளந்து 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சேர்ந்தபோது 42 விழுக்காட்டினருக்குக் கணிசமான சோர்வு; குடிக்காமல் நான்கு வாரம் கழிந்ததும் 6 விழுக்காட்டினருக்குத்தான் அது மிஞ்சியது. அதனால் எல்லாருக்கும் முதல் நாளே சோர்வு மாத்திரை வேண்டாம். அதைச் சாக்காக்கி நான்கு வாரம் கண்டுகொள்ளாமலும் விடாதே.

யாருக்குக் காத்திருப்பது, யாருக்குக் கூடாது? ஒரு தாளில் நீளமாகக் கோடு போடு. பட்டாளத்தில் சேர்ந்த ஆண்டு, போஸ்டிங்குகள், கல்யாணம், பென்சன் வந்த ஆண்டு, செக்யூரிட்டி வேலை எல்லாவற்றையும் குறி. குடிக்காமல் இருந்த மாதங்களைத் தனி நிறத்தில் தீட்டு. கோர்ஸ், ஆஸ்பத்திரி வாசம், சபரிமலை மாலை என்று அவரே சொல்வார். அந்த மாதங்களிலும் விடியலில் விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை இருந்ததா? குடிக்கு முன்பே சோர்வு வந்ததா? சாகும் எண்ணம் உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் காத்திருக்காதே. மற்றவர்களுக்கு வாரந்தோறும் பி.எச்.கியூ.-9 என்ற சோர்வை அளக்கும் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்து முடிவெடு.

மாத்திரையில் இரண்டுக்கும் சேர்த்தே எழுதலாம். பிலடெல்பியாவில் 170 பேரிடம் 14 வாரம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், சோர்வுக்கான செர்ட்ராலினும் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனும் சேர்த்து எடுத்தவர்களில் 54 விழுக்காட்டினர் குடியைத் தொடவில்லை. ஒன்றை மட்டுமோ வெற்று மாத்திரையோ எடுத்தவர்களில் 21 முதல் 28 விழுக்காடுதான். நால்ட்ரெக்சோன் எழுதும்முன் முட்டிவலி, முதுகுவலிக்கு என்ன விழுங்குகிறார் என்று கேட்டே ஆக வேண்டும். நம் ஆட்களிடம் டிராமடால் சகஜம். அது ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரை; நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆகாமல் நால்ட்ரெக்சோன் கொடுத்தால் ஆள் துடித்துப்போவார். டிராமடாலும் செர்ட்ராலினும் சேர்ந்தாலும் வலிப்பு அபாயம். ஈரல் மோசமென்றால் நால்ட்ரெக்சோனுக்குப் பதில் அகாம்ப்ரோசேட் 333 மி.கி., வேளைக்கு 2 வீதம் மூன்று வேளை. முன்னதாகச் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை பார்.

குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் டைசல்பிராம் மாத்திரையை வீட்டம்மா சாம்பாரில் ரகசியமாய்க் கலப்பதாகத் தெரிந்தால் அன்றே நிறுத்தச் சொல். தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். தெரிந்துகொண்டாலோ அந்த வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார். அந்த வீட்டம்மாவைத் திட்டாதே, வேறு வழி தெரியாமல் செய்தவர்.

துப்பாக்கியைப் பற்றி நேராகக் கேள். வங்கிக் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர். சோர்வு தெளியும்வரை அது வீட்டில் இருக்கக் கூடாது, பூச்சிமருந்தும் அப்படியே. மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்காதே. இரவில் அழைக்க 14416 என்ற மனநல உதவி எண்ணை மனைவி, மகன் போனிலும் பதிந்து கொடு.

மாத்திரைக்குப் பிறகு அவருடைய அன்றாடப் பொழுது. ரோல் காலும் பி.டி.யுமாக 15, 17 ஆண்டு ஓடிய வாழ்க்கை, நாற்பதைத் தொடும்முன்பே சட்டென்று நின்றுபோகிறது. காலை 5 மணி நடை, 10 மணிக்கு ஒரு வேலை, மாலை 6 மணிக்கு யாராவது ஒருவரோடு பேச்சு என்று அவர் கையாலேயே அட்டவணை எழுத வை. மாலை 6 முதல் 9 வரை காலியாக விடாதே. பென்சன் வரும் நாளும் ராணுவ கேன்டீனில் மதுக் கோட்டா எடுக்கும் நாளும் தனிக் கவனிப்புக்குரியவை. அந்த நாட்களிலேயே உன்னிடம் வரும் தேதியைக் கொடு. கோட்டாவை வாங்கி விற்றால் பணமாச்சே என்பார்கள். பாட்டில் வீட்டுக்குள் வருவதே தப்பு.

மறுபடி குடித்துவிட்டு வந்தாலும் சீட்டைக் கிழிக்காதே. எந்த நாள், யாரோடு, அதற்கு முந்தின இரவு தூங்கினாரா என்று கேட்டு அந்தக் கோட்டுத் தாளிலேயே குறித்துவை. டிராமடால் எடுப்பவர்கள் உன்னிடம் எத்தனை பேர் என்று எண்ணி அடுத்த கடிதத்தில் எழுது, அவர்களுக்கு வலி மாத்திரையை எப்படி மாற்றுவது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்