'இன்று மட்டும்' என்று பதினொரு நாள் வந்த மெயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போட்டோகொப்பியும் பிரின்ட்டும் எடுத்துக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பஸ் பிள்ளைகள். போனில் இருப்பதைக் கடை மெயிலுக்கு அனுப்புவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். அதற்காக முகவரியைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதல் ஊர் உலகத்துக் குப்பைமெயில்காரர்கள்தான் அந்த முகவரியைக் கண்டுபிடித்தார்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை தம்பியின் பிறப்புச் சான்றிதழை பிரின்ட் எடுக்க வந்தது, பிரதேச செயலகம் மூட இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. "அண்ணை, மெயில் போட்டிட்டன், பாருங்கோ" என்றது. பார்த்தேன், இல்லை. மூன்று தரம் அனுப்பியும் வரவில்லை. கடைசியில் பார்த்தால் மூன்றும் ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கின்றன, குப்பை தாங்காமல் நானே வடிகட்டியை இறுக்கி வைத்ததால் வந்த வினை. இன்பொக்ஸின் உச்சியில் இருந்தது என்ன தெரியுமா? 'ரீ: உங்கள் ஓடர்' என்று ஒன்று. நான் யாரிடமும் எந்த ஓடரும் கொடுக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு உடுப்புக் கடையின் 'தீபாவளிச் சலுகை, இன்று மட்டும்'. தீபாவளி முடிந்த பிறகும் விடவில்லை, எண்ணிப் பார்த்தேன், பதினொரு நாள் தொடர்ந்து 'இன்று மட்டும்'. எப்போதோ பில் போடும்போது கேட்டார்கள் என்று முகவரியைக் கொடுத்தது என் பிழைதான். வேண்டாம் என்று அழுத்தியும் பார்த்தேன், நின்றபாடில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலம் 1998 இல் ஒரு சட்டம் போட்டது. தலைப்பில் பொய் சொல்லியோ, எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்தோ வியாபார மெயில் அனுப்பினால், பெற்றவர் வழக்குப் போடலாம், மெயில் ஒன்றுக்கு 500 டொலர் என்றது அந்தச் சட்டம். அதே வருடம் பக்கத்து ஒரிகன் மாநிலத்து ஜேசன் ஹெக்கல் என்பவர் மீது மாநிலச் சட்டமா அதிபரே வழக்குப் போட்டார். இணையத்தில் காசு உழைப்பது எப்படி என்ற சின்னப் புத்தகத்தை 39.95 டொலருக்கு விற்க, வாரத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் மெயில் வரை அனுப்பிய மனிதர் அவர். 'சரியான முகவரிக்குத்தான் வந்திருக்கிறேனா?' என்ற மாதிரி, ஏதோ தெரிந்த ஆள் கேட்பது போலத் தலைப்பு வேறு. இவ்வளவுக்கும் விற்றது மாதம் முப்பது, ஐம்பது புத்தகம். கீழ் நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது, 2001 இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

எனக்கு இதில் பிடித்தது அந்த 500 டொலர்தான். நட்டத்தைக் கணக்குக் காட்டச் சொன்னால் நான் எதைக் காட்டுவது? பதினொரு மெயிலையும் அழிக்காமல் பிரின்ட் எடுத்து ஃபைல் போட்டிருக்கிறேன், தாளும் மையும் சேர்த்தாலும் சில நூறு ரூபாய் தேறாது. அந்தக் காசுக்கு எந்த லோயர் வழக்குப் பிடிப்பார்? தொகையைச் சட்டமே எழுதி வைத்துவிட்டால் நட்டத்தை நிரூபிக்கிற தொல்லை இல்லை, அனுப்புகிறவனுக்கும் ஒவ்வொரு மெயிலும் செலவாகத் தெரியும்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2004 தொடக்கம் நடைமுறைக்கு வந்த குப்பைமெயில் பற்றிய மத்திய சட்டம் மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டது, மாநிலச் சட்டங்களில் பொய்யையும் ஏமாற்றையும் பற்றிய பகுதி மட்டும் மிஞ்சியது. அந்த மத்திய சட்டத்தின் கீழ் சாதாரண ஆள் வழக்குப் போடவும் முடியாது. குப்பை மெயிலைச் சேர்த்து வைத்து வழக்குப் போடுவதையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவர் 2009 இல் மேன்முறையீட்டில் தோற்றும் போனார். அது சரிதான், இங்கேயும் அப்படி ஆட்கள் முளைப்பார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் ஓல்ட் நேவி என்ற உடுப்பு நிறுவனத்தின் வழக்கில் அதே வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், தலைப்பில் எந்தப் பொய்யான தகவலும் இருக்கக்கூடாது என்றுதான் 1998 சட்டத்துக்குப் பொருள் என்று ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு எதைப் பற்றி என்றால், இன்றோடு முடிகிறது என்று சொல்லிவிட்டு முடியாமல் நீளும் சலுகையைப் பற்றி! என் பதினொரு மெயிலும் அந்த இனம்தான்.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் இப்படியான செய்தி அனுப்பக்கூடாது என்கிறது, வேண்டாம் என்று சொல்ல இலவசமாக வழி வைக்கவும் சொல்கிறது. தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் 2025 மார்ச்சில் வரவேண்டியிருந்த பெரும்பகுதி தள்ளிவைக்கப்பட்டது. அதோடு தண்டம் போடுவது கொழும்பில் இருக்கிற தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை. நாடு முழுவதற்குமான அந்தப் பெரிய அலுவலகம் திருநெல்வேலிச் சந்திக் கடைக்காரனின் பதினொரு மெயிலுக்காக எப்போது கோப்பைத் திறக்கும்? மாகாண சபையே இதற்கு ஒரு சட்டம் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் தொலைத்தொடர்பு மத்திக்கு ஒதுக்கிய பட்டியலில் இருக்கிறது, 2018 இல் காலம் முடிந்த எங்கள் வட மாகாண சபையோ இன்னும் தேர்தலுக்குக் காத்திருக்கிறது. ஆகவே அந்தக் கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இனித் திருத்தும்போது, பொய்த் தலைப்புள்ள மெயில் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் பெற்றவருக்குச் சேரவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஆயிரம் ரூபாய் என்றாலும் போதும். அதுவரைக்கும் இதை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக முடியுமா என்று, இந்தப் பத்திரிகை படிக்கிற சட்டத்தரணி யாராவது ஒரு பதில் கடிதம் எழுதினால் நல்லது. ஃபைல் கடையில்தான் இருக்கிறது, வந்து பார்க்கலாம், பிரதி வேண்டுமென்றால் இலவசமாக எடுத்துத் தருவேன்.

போட்டோகொப்பிக் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.